விடுபட்ட எண்ணும் விடுபடக் கூடாத காரணமும்

2, 5, 10, 17, __, 37

கோடிட்ட இடத்தில் என்ன எண் வரும்? குரூப் 4 வழிகாட்டி எதைப் புரட்டினாலும், வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பு எதில் போய் உட்கார்ந்தாலும், இந்த வகைக் கேள்வி ஒன்றாவது கண்ணில் படும். ‘எண் தொடர்’ என்று தலைப்புப் போட்டுப் பக்கம் பக்கமாக அடுக்கியிருப்பார்கள். பழகியவர்கள் சில நொடிகளில் 26 என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள்.

விடை சரிதான். ஆனால் அது ஏன் சரி? தாளில் இருப்பவை ஐந்தே எண்கள். அங்கே இல்லாத ஓர் எண்ணைப் பற்றி அந்த ஐந்தும் நமக்கு எப்படித் தகவல் சொல்ல முடிந்தது? தேர்வில் யாரும் கேட்காத இந்தக் கேள்விதான் கணிதத்தின் உள்ளே போக வழி.

கழித்துப் பார்த்தால் தெரியும்

தொடரைக் கண்டதும் எல்லாரும் முதலில் செய்வது, பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துப் பார்ப்பது. 5-இல் 2 போனால் 3. 10-இல் 5 போனால் 5. 17-இல் 10 போனால் 7. இப்படிக் கிடைப்பதை ‘முதல் வேறுபாடு’ என்று வைத்துக்கொள்வோம். 3, 5, 7 என்று போவதால் அடுத்தது 9 என்று தோன்றுகிறது. 17-உடன் 9 சேர்ந்தால் 26. அதோடு நிறுத்தக் கூடாது. அடுத்த வேறுபாடு 11 ஆக இருந்தால் 26-உடன் 11 சேர்ந்து 37 வர வேண்டும். தாளிலும் 37-தான் இருக்கிறது. நம் ஊகம் தப்பாக இருந்திருந்தால் இந்த 37 அதைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம். 3, 5, 7, 9, 11 ஆகியவற்றையும் கழித்துப் பார்த்தால் 2, 2, 2, 2 என்று வருகிறது. இது ‘இரண்டாம் வேறுபாடு’. மேலே எல்லாம் மாறிக்கொண்டே இருந்தது; இங்கே வந்ததும் மாற்றம் நின்றுவிட்டது. மாறாத எண் கிடைத்துவிட்டால் அங்கிருந்து கூட்டிக்கொண்டே மேலே வந்து தொடரை எவ்வளவு நீளத்துக்கும் எழுதலாம்.

இப்போது தொடரின் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்துவிடுங்கள். 1, 4, 9, 16, 25, 36 என்று ஆகிறது. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைக்கும் எண்கள் இவை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றை வர்க்க எண்கள் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் சதுர எண்கள் என்கின்றன. கேள்வி கேட்டவர் வர்க்க எண்களுக்கு ஒன்று கூட்டி வேஷம் போட்டு அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். எல்லா எண்களுடனும் ஒரே அளவைக் கூட்டினால் அவற்றுக்கு இடையிலான வேறுபாடு மாறாது. அதனால்தான் கழித்ததும் வேஷம் கலைந்துவிட்டது.

தரையில் ஒரு சதுரம்

வர்க்க எண்களுக்கு நடுவே 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்கள் வரிசை தப்பாமல் ஏன் வர வேண்டும்? பல்லாங்குழிக்கு எடுத்து வைத்த புளியங்கொட்டை கைப்பிடி இருந்தால் போதும், தரையிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு கொட்டை. அதைச் சதுரமாகப் பெருக்க இடப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மூலையில் ஒன்று என மூன்று வேண்டும். மொத்தம் 4. அடுத்த சதுரத்துக்கு இடப்பக்கம் இரண்டு, கீழே இரண்டு, மூலைக்கு ஒன்று என ஐந்து. மொத்தம் 9. அதற்கடுத்து மூன்று, மூன்று, மூலைக்கு ஒன்று என ஏழு. மொத்தம் 16. ஒவ்வொரு தடவையும் ‘ட’ எழுத்தின் வடிவில் ஒரு கரை கட்டுகிறோம். கரையின் இரண்டு கைகளும் சமம். மூலையில் மட்டும் ஒன்று தனி. சமமான இரண்டு பங்கோடு ஒன்று சேர்ந்தால் ஒற்றைப்படை எண்தானே வரும்? ஒவ்வொரு கையும் தடவைக்கு ஒரு கொட்டை நீள்கிறது. ஆகவே கரைக்கு வேண்டிய கொட்டை தடவைக்கு இரண்டு கூடுகிறது. நாம் கழித்துக் கண்டுபிடித்த அந்த மாறாத 2 இதுதான்.

பித்தாகரஸின் வழிவந்த கிரேக்கர்கள் கூழாங்கற்களை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். நாலைந்து சதுரம் அடுக்கிப் பார்த்ததால் மட்டும் நாம் இதை நம்பவில்லை. நூறாவது சதுரத்தில் 10,000 கொட்டை இருக்கும். அதற்குக் கரை கட்ட 100, 100, மூலைக்கு 1 என 201 வேண்டும். எனவே 101-இன் வர்க்கம் 10,201. பெருக்காமலே வந்துவிட்டது. சதுரம் எவ்வளவு பெரியதானாலும் கரை இப்படித்தான் அமைய முடியும்; வேறு வழியே இல்லை. இப்படி எல்லா அளவுக்கும் ஒருசேரப் பொருந்தும் காரணத்தைத்தான் கணிதத்தில் ‘நிறுவல்’ என்கிறார்கள்.

விழும் பொருளுக்கும் இதே கணக்கு

உயரத்திலிருந்து ஒரு கல்லை விடுகிறோம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், முதல் நொடியில் அது சுமார் 4.9 மீட்டர் விழும். இரண்டாவது நொடியில் மட்டும் 14.7 மீட்டர். மூன்றாவது நொடியில் 24.5 மீட்டர். இவற்றை 4.9-ஆல் வகுத்தால் 1, 3, 5. விழுந்த மொத்தத் தூரம் 4.9, 19.6, 44.1 என்று வளர்கிறது, அதை 4.9-ஆல் வகுத்தால் 1, 4, 9.

இதைக் கண்டு எழுதியவர் கலிலியோ. நொடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் அவர் காலத்தில் இல்லை. நேராக விழும் பொருளின் வேகத்துக்கு ஈடு கொடுத்து அளக்க முடியாது. எனவே மரப் பலகையில் வழவழப்பான பள்ளம் வெட்டி, பலகையைச் சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். குண்டு உருளும் நேரத்தில் ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் நீரைப் பிடித்து, அதன் எடையைக் கொண்டு நேரத்தை அளந்தார். சரிவைக் கூட்டினாலும் குறைத்தாலும் தூரங்கள் வர்க்க எண்களின் விகிதத்தில்தான் வந்தன. வீட்டுக் காவலில் இருந்த முதிய வயதில் அவர் எழுதிய ‘இரு புதிய அறிவியல்கள்’ நூல் 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சானது. இந்தச் சோதனை அதில் விவரமாக இருக்கிறது.

மீட்டர் கணக்கையும் கழித்துப் பாருங்கள். 14.7-இல் 4.9 போனால் 9.8. 24.5-இல் 14.7 போனால் மறுபடியும் 9.8. பள்ளியில் புவியீர்ப்பு முடுக்கம் என்று மனப்பாடம் செய்த அதே 9.8. கல்லின் வேகம் ஒவ்வொரு நொடியும் ஒரே அளவு கூடுகிறது என்பதைத்தான் மாறாத இரண்டாம் வேறுபாடு சொல்கிறது. எண் தொடர்க் கேள்விக்குச் செய்த கழித்தலையே இங்கும் செய்தோம். இந்தத் தடவை விடையாக ஓர் இயற்கை விதி கிடைத்தது.

கூட்டத் தெரிந்தால் போதும்

கால்குலேட்டர் வராத நாளில் மாலுமிகள், வானியலாளர்கள், காப்பீட்டுக்காரர்கள் என்று எல்லாரும் அச்சடித்த எண் அட்டவணைகளை நம்பியே வேலை செய்தார்கள். அட்டவணைகளில் பிழைகள் மலிந்திருந்தன. கணக்குப் போட்டவர் தவறுவார்; நகல் எடுத்தவர் தவறுவார்; அச்சுக் கோத்தவரும் தவறுவார். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் இதற்கு ஒரு வழி யோசித்தார். வேறுபாடுகளைக் கொண்டு தொடரைக் கட்டலாம் என்றால், அதற்குக் கூட்டல் மட்டுமே போதும். கூட்டலைப் பல்சக்கரங்களைக் கொண்டே செய்துவிடலாம்.

வர்க்க எண்களையே எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தில் மூன்று தண்டுகள் இருப்பதாக நினையுங்கள். அவற்றில் 1, 3, 2 என்று எண்கள். முதலாவது தொடரின் எண், அடுத்தது முதல் வேறுபாடு, கடைசியில் மாறாத இரண்டாம் வேறுபாடு. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 3 போய் 1-உடன் சேர்ந்து 4 ஆகும். 2 போய் 3-உடன் சேர்ந்து 5 ஆகும். அடுத்த சுற்றில் 4-உடன் 5 சேர்ந்து 9. 5-உடன் 2 சேர்ந்து 7. அதற்கடுத்து 16. சுற்றுகிறவருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்திருக்கத் தேவையில்லை.

1822-இல் பாபேஜ் ஒரு சிறு மாதிரியைச் செய்துகாட்டினார். மறு ஆண்டு பிரிட்டிஷ் அரசு பணம் கொடுக்க முன்வந்தது. பெரிய இயந்திரம் முடிந்தபாடில்லை; 17,000 பவுண்டுக்கு மேல் செலவான பிறகு 1842-இல் அரசு கைகழுவிவிட்டது. அவர் பின்னர் வரைந்து வைத்த இரண்டாம் வடிவமைப்பின் கணக்கிடும் பகுதியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல், அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டில், கட்டி முடித்தது. 2002-இல் அச்சுப் பகுதியும் சேர்ந்தது. சுமார் 8,000 உறுப்புகள், 5 டன் எடை. சுற்றினார்கள், சரியாகக் கணக்குப் போட்டது.

வேறுபாடு பிழையையும் பிடித்துக் கொடுக்கும். வர்க்க எண் அட்டவணையில் 25-க்குப் பதில் 26 என்று அச்சாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

1, 4, 9, 16, 26, 36, 49, 64

முதல் வேறுபாடு: 3, 5, 7, 10, 10, 13, 15

இரண்டாம் வேறுபாடு: 2, 2, 3, 0, 3, 2

எல்லாம் 2 ஆக இருக்க வேண்டிய வரிசையில் 3, 0, 3 என்று ஓரிடம் கலங்கிக் கிடக்கிறது. ஒரு பிழை மூன்று இடங்களைக் கலக்கியிருக்கிறது. அந்தக் கலக்கத்தின் நடுவில் இருக்கும் 0, குற்றவாளியான 26-க்கு நேர் கீழே வருகிறது. அங்கே 2-க்குப் பதில் 0, அதாவது இரண்டு குறைவு. அதில் பாதி ஒன்று. ஆகவே அச்சான எண்ணில் ஒன்று கூடிவிட்டது. எந்த எண் தப்பு, எவ்வளவு தப்பு என்ற இரண்டுமே தெரிந்துவிட்டன. ‘பொருந்தாத எண்ணைக் கண்டுபிடி’ என்று தேர்வில் கேட்கிறார்களே, அதற்கும் இதுவே சுருக்கமான வழி.

49-க்கு அடுத்து ‘1 4’

1854-இல் தெற்கு இராக்கில் செங்கெரே என்ற இடத்தில், வில்லியம் லாஃப்டஸ் என்ற ஆங்கிலேயருக்கு இரண்டு களிமண் பலகைகள் கிடைத்தன. அந்த இடம் பண்டைய லார்சா நகரம். பலகைகளின் வயது மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல். ஈரக் களிமண்ணில் ஆணிமுனை போன்ற எழுத்துகளைப் பதித்திருந்தார்கள். ஒரு பலகையில் எண்கள் வரிசையாக இருந்தன: 1, 4, 9, 16, 25, 36, 49. இதுவரை சந்தேகமில்லை; முதல் ஏழு வர்க்க எண்கள். எட்டாவதாக 64 இருக்க வேண்டும். இருந்ததோ ‘1 4’. அடுத்து ‘1 21’. பிறகு ‘1 40’. பிறகு ‘2 1’.

எழுதியவர் தவறிவிட்டாரா? நான்கு இடங்களிலும் தவறியிருக்க முடியாது. முன்னால் வந்த ஏழும் வர்க்க எண்கள் என்பதை உறுதியாகப் பிடித்துக்கொண்டால், ‘1 4’ என்பதை 64 என்றும் ‘1 21’ என்பதை 81 என்றும் படிக்க வேண்டும். 64 என்பது ஓர் 60-உம் 4-உம். 81 என்பது ஓர் 60-உம் 21-உம். 100 என்பது ஓர் 60-உம் 40-உம். 121 என்பது இரண்டு 60-உம் 1-உம். எல்லாம் பொருந்திவிட்டன. நாம் பத்துப் பத்தாகக் குவித்து இடமதிப்புக் கொடுக்கிறோம். பலகையை எழுதிய பாபிலோனியர்கள் அறுபது அறுபதாகக் குவித்திருக்கிறார்கள். மணிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு 60 நொடி என்று நாம் இன்றும் எண்ணுவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி.

தேர்வுக் கேள்வியில் விதியைக் கண்டுபிடித்து எண்ணை நிரப்புகிறோம். இங்கே எண்கள் எல்லாம் இருந்தன, விதியும் தெரிந்திருந்தது. எண்களை எப்படிப் படிப்பது என்பதுதான் விடுபட்டிருந்தது. அதை நிரப்பிக் கொடுத்தது வர்க்க எண்களின் வரிசை.

கவிழ்த்துவிடும் தொடர்கள்

இவ்வளவு பெருமைக்கும் பிறகு ஓர் எச்சரிக்கை. 1, 4, 9, 16 என்று எழுதிவிட்டு அடுத்த எண் 49 என்று ஒருவர் சொன்னால், அதைத் தப்பு என்று நாம் அடித்துவிட முடியுமா? அவர் விதி இது: ஓர் எண்ணின் வர்க்கத்தை எடு, அந்த எண்ணிலிருந்து 1, 2, 3, 4 ஆகியவற்றைத் தனித்தனியே கழித்து, வரும் நான்கையும் பெருக்கி, வர்க்கத்துடன் கூட்டு. முதல் நான்கு எண்களுக்கும் கழித்தலில் எங்காவது ஒரு பூஜ்யம் வந்துவிடும். பெருக்கினால் எல்லாமே பூஜ்யம். எனவே வர்க்கம் மட்டுமே மிஞ்சும். 5 வரும்போது 4, 3, 2, 1 ஆகியவற்றின் பெருக்கல் 24. அதோடு 25 சேர்ந்து 49. சுற்றி வளைத்த விதிதான், ஆனால் விதிதான். இதே உத்தியைக் கொண்டு ஐந்தாவது இடத்தில் நாம் விரும்பும் எந்த எண்ணையும் வரவைக்கலாம்.

வேண்டுமென்றே செய்த குறும்பு இது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோட்டால் இணையுங்கள். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு 32 என்று எழுதக் கை துறுதுறுக்கும். எண்ணிப் பார்த்தால் 31-தான் இருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டுகிறது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடமும் ஒரு துண்டைக் கூட்டுகிறது. ஆறு புள்ளிகளுக்கு 15 கோடுகள், 15 வெட்டுப்புள்ளிகள். தொடக்கத்தில் இருந்த முழு வட்டம் ஒன்று. மொத்தம் 31. இரட்டிப்பாவது போலத் தெரிந்தது தற்செயல். உண்மையான விதி வேறு.

ஐந்து எண்களில் ஏமாந்தோம் சரி, நாற்பது எண்களைச் சோதித்தால்? 41, 43, 47, 53, 61, 71 என்று போகும் தொடரைப் பாருங்கள். வேறுபாடு 2, 4, 6, 8, 10; இரண்டாம் வேறுபாடு வர்க்க எண்களைப் போலவே மாறாத 2. பாபேஜ் தன் மாதிரியில் ஓட்டிய தொடர்களில் இதுவும் ஒன்று. கணிதவியலாளர் ஆய்லர் 1772-இல் கவனித்த ஒரு விந்தை இதன் பின்னணி: இதில் தொடக்கத்தில் வருவன எல்லாம் பகா எண்கள், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. பத்தாவது எண் பகா எண். இருபதாவதும் முப்பதாவதும் பகா எண்கள். நாற்பதாவது 1601, அதுவும் பகா எண். நாற்பத்தொன்றாவது 1681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கினால் வருவது. நாற்பது தடவை காப்பாற்றிய வாக்கு கடைசியில் ஒரு வர்க்க எண்ணிடம் போய் உடைகிறது.

எத்தனை சோதனை போதும்?

வர்க்க எண் எதுவும் 2, 3, 7, 8 என்ற இலக்கங்களில் முடியாது. இதை நம்ப எத்தனை எண்களைச் சோதிக்க வேண்டும்? பத்தே பத்து. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும்போது விடையின் கடைசி இலக்கத்தை முடிவு செய்வது அந்த எண்ணின் கடைசி இலக்கம் மட்டுமே. கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை பத்தில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அவற்றின் வர்க்கங்கள் 0, 1, 4, 9, 6, 5, 6, 9, 4, 1 ஆகிய இலக்கங்களில் முடிகின்றன. 2, 3, 7, 8 எங்கும் வரவில்லை, இனியும் வராது. 48,673 வர்க்க எண்ணா என்று கேட்டால் வர்க்கமூலம் எடுக்கவே வேண்டாம்.

அங்கே நாற்பது சோதனை போதவில்லை. இங்கே பத்து போதுமானது. இந்தப் பத்துக்கு வெளியே எந்த எண்ணும் தப்பிப் போக முடியாது என்பதற்குக் காரணம் நம் கையில் இருக்கிறது. அந்த நாற்பதுக்குப் பின்னால் அப்படி ஒரு காரணம் இல்லை. எத்தனை தடவை பொருந்தியது என்பது ஊகத்துக்கு உதவும். ஏன் பொருந்துகிறது என்பதே உறுதியைத் தரும்.

மனித மனம் எதைத் தேடுகிறது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். லண்டனில் உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் வெளியிட்ட ஆய்வில் 29 மாணவர்களிடம் 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இதன் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அவர்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லலாம். விதிக்குள் வருகிறதா இல்லையா என்று அவர் பதில் சொல்வார். பெரும்பாலோர் 8, 10, 12 போலத் தங்கள் ஊகத்துக்கு ஒத்துவரும் எண்களையே சொல்லிப் பார்த்து, ‘ஆம்’ வாங்கிக்கொண்டு, இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று முடிவு கட்டினார்கள். உண்மை விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவே. முதல் தடவை விதியை அறிவித்தபோதே சரியாகச் சொன்னவர்கள் 6 பேர். தங்கள் ஊகத்தை உடைக்கக்கூடிய எண்களைக் கேட்டுப் பார்க்கப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

போட்டித் தேர்வில் நேரம் குறைவு. அங்கே கழித்துப் பார்த்து விடையைக் குறித்துவிட்டுப் போவதில் தப்பில்லை. வகுப்பறைக்கு அந்த அவசரம் கிடையாது. எண் தொடர் நடத்தும் ஆசிரியர்கள் விடைக்குப் பக்கத்தில் ‘ஏனெனில்’ என்று ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை அந்த வரிக்கு ஒதுக்க வேண்டும். எதிர்பாராத விடையை எழுதிய பிள்ளை அதற்குரிய விதியையும் எழுதிக் காட்டினால், அதை அடிக்காமல் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.